லோகுவின் வீட்டுச் சரவிளக்கு

சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட வீட்டுக்குப் புது விளக்கு ஒன்று வந்திருக்கிறது. மகள் போனில் பார்த்து வாங்கிக் கொடுத்தது. எலக்ட்ரீஷியன் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தச் சாயங்காலம் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை. அவர் வந்து நிற்கும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று மேசையை ஓரமாக இழுத்துப் போட்டு, தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினேன். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "லைட் கடையில வேலை பாத்தவளுக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன்?" என்று கேட்டார். கல்யாணமான புதிதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நகைக்கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வளையல் செய்கிறார்களா என்று நானும் அன்றிலிருந்து திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழைய விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றியதும் உள்ளே செத்துக் கிடந்த ஈசலும் கொசுவும் சேர்ந்து ஒரு வாசனை அடித்தது. காய்ந்த தூசி, கருகிய பூச்சி, சூட்டில் இளகி இளகி இறுகிப்போன ஒயரின் மேல்தோல். இந்த வாசனையை எங்கே வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த விளக்குக் கடையின் மாடி முழுக்க இதே வாசனைதான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மகள் இந்த விளக்கைத் தேர்ந்தெடுத்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். "எங்கள் வீட்டு ஹாலில் இதைத்தான் மாட்டியிருக்கிறோம், அருமையாக இருக்கிறது" என்று யாரோ எழுதியிருந்தார்கள். எந்த ஊர், எந்த வீடு, யாருக்குத் தெரியும். மகள் உடனே நம்பிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா சிரிக்கிற?" என்றாள். லோகுவைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

லோகுவின் முழுப் பெயர் லோகநாயகி. அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் முதல் மாடியில், ஃபேன்சி லைட் பிரிவில் இருந்தாள். என் வயதுதான். ஆனால் அவளுக்குக் கல்யாணமாகி, தேவி என்று ஒரு பெண் குழந்தையும் இருந்தது. கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். புருஷன் ஏகாம்பரம் மூன்று சக்கர லோடு வண்டி வைத்திருந்தார். எங்கள் தெருக் கடைகளின் சரக்கை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவர்தான். நான் மயிலாப்பூரிலிருந்து வந்ததால் லோகு என்னைக் கடைசிவரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மயிலாப்பூரு" என்பாள். "இன்னா மயிலாப்பூரு, இன்னிக்கும் புளிசாதமா?"

மயிலாப்பூர் என்றதும் பெரிய வீடு என்று நினைத்துவிடாதீர்கள். மாடவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் கடைசிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரர்கள். எல்லாப் போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அதனால் வீட்டுக்கார மாமிக்கு எங்கள் ஜன்னல் மேல் எப்போதும் ஒரு கண். அறையிலும் சமையல்கட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தால் முற்றத்தில் நின்றபடியே விசாரிப்பாள். "ரெண்டு லைட்டும் எரிஞ்சிண்டிருக்கே, உங்காத்துல ஏதாவது விசேஷமா?" அம்மா உடனே ஒன்றை அணைத்துவிடுவாள். அப்படி வளர்ந்த நான் முதல் நாள் அந்தக் கடையின் மாடிப்படி ஏறி மேலே போனதும் திகைத்து நின்றுவிட்டேன். கூரை தெரியவில்லை. கூரை முழுக்க விளக்குகள் தொங்கின, அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. போய் அணைத்துவிட வேண்டும்போலக் கை பரபரத்தது.

அப்போதெல்லாம் குண்டு பல்புதான். எல்.இ.டி. என்ற பேச்சே கிடையாது. அத்தனை பல்பின் சூடும் தலையில்தான் இறங்கும். சித்திரை மாதத்தில் வெளியே வெயிலில் போய் நின்றால் குளுகுளுவென்று இருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. நின்று நின்று கால் வீங்கி, ராத்திரி வீட்டுக்குப் போனதும் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஆனால் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசுவதை யாரால் தடுக்க முடியும்? பேசினோம். அந்தப் பேச்சில்தான் நாள் ஓடியது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கம். கல்லாவுக்கு மேலே சாமி படமும் அப்பா படமும் வைத்திருப்பார். கத்த மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு சேல்ஸ்மேன், இங்கே செய்த விளக்கை இத்தாலியிலிருந்து வந்தது என்று சொல்லி விற்றான். வாங்கியவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணாச்சி விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தப் பையனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து, "பொய் சொல்லி யாவாரம் பண்ணப்படாது, பாத்துக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற லோகு தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுப் போய், அன்று மாலையே ஒரு தம்பதியிடம், "எங்க வீட்டு ஹால்ல இதாம்மா மாட்டியிருக்கோம். ராத்திரி போட்டா பகல் மாதிரி இருக்கும்" என்றாள்.

அவளுடைய வியாபாரமே அந்த வீட்டை வைத்துத்தான் நடந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் புதுவீடு கட்டியவர்கள். புருஷன் விலைச்சீட்டைப் பார்ப்பார், மனைவி விளக்கைப் பார்ப்பாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் லோகு நடுவில் போய் நிற்பாள். கடைத் தமிழில், கொஞ்சம் கவனமாக, தன் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். ஹாலில் இது. பால்கனியில் அந்தத் தேன்கூடு மாதிரி இருப்பது. படிக்கட்டு வளைவில் முத்துச்சரம். பூஜையறையில் சின்னதாகத் தாமரை. கேட்கிறவர்களுக்கு ஆசை வந்துவிடும். இந்தப் பெண் வீட்டிலேயே இருக்கிறதே, நம் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்ற ரோஷமும் கொஞ்சம் வரும். மத்தியானம் குடோன் படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது நாங்கள் கேலி செய்வோம். நேற்று ஹாலில் இருந்த விளக்கு இன்றைக்கு எப்படி மாடிக்குப் போனது என்று கேட்பேன். "நம்ம வூடுதானே, எங்க வேணாலும் மாத்திக்கலாம்" என்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் சாரதா அம்மாள் வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்தார். அடையாறில், கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு கட்டி முடிக்கப்போவதாகவும், மொத்த வீட்டுக்கும் விளக்கு வேண்டும் என்றும் சொன்னார். அண்ணாச்சியே எழுந்து மாடிக்கு வந்துவிட்டார். சாரதா அம்மாள் ஒரு சரவிளக்கின் கீழ் நின்றார். பித்தளை முலாம் பூசிய ஐந்து கைகள், ஒவ்வொரு கையிலும் தாமரை இதழ்போல் ரோஸ் நிறக் கண்ணாடி. லோகு வழக்கம்போல ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் இதுதான், இரண்டு வருடமாக இருக்கிறது, வாங்கின மேனிக்கு அப்படியே இருக்கிறது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் சாரதா அம்மாள். "எனக்குக் கடல் காத்துதான் பயம். இந்த முலாம் கறுக்குதா, துரு ஏறுதான்னு யாராவது வீட்ல மாட்டியிருந்தா ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு நினைச்சேன். உங்க வீடு எங்கம்மா?"

லோகு வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "கோட்டூர்புரம்."

"பக்கத்துலதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன்."

"தாராளமாப் போயிப் பாருங்கம்மா" என்றார் அண்ணாச்சி. லோகுவின் பக்கம் திரும்பி, "அம்மாவக் கூட்டிட்டுப் போயிக் காட்டிரு, என்ன?" என்றார். ஆற்றோரம் என்று அவருக்குத் தெரியாது. கோட்டூர்புரத்தில் எத்தனையோ வகை வீடு இருக்கிறது.

அன்று மத்தியானம் லோகு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. "இத்தினி நாளா லைட்ட மாட்டினேன் மயிலாப்பூரு. இப்ப நானே மாட்டிக்கினேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சமயம் ஏகாம்பரத்துக்கு வண்டி சரியாக ஓடவில்லை. வீட்டில் முக்கால்வாசி அவள் சம்பளம்தான். இத்தாலி விளக்குக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனது எங்கள் இருவருக்கும் கண்ணில் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். யாரிடம் என்று கேட்டாள். பிறகு, குடோனில் அதே விளக்கு ஒன்று, ஓர் இதழின் ஓரம் உடைந்து போனதால் விற்காமல் கிடக்கிறதே என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும், நடக்கிற காரியமா என்று கேட்டேன். "வூட்ல லைட்டு கீதுன்னுதானே சொன்னேன். இருக்கட்டுமே" என்றாள்.

குடோன்காரரைக் கெஞ்சி, திங்கள்கிழமை காலையில் திரும்ப வந்துவிடும் என்று சத்தியம் செய்து, சனிக்கிழமை கடை மூடுகிற நேரத்தில் விளக்கை ஏகாம்பரத்தின் வண்டியில் ஏற்றினோம். பழைய போர்வை சுற்றி, மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல லோகு அதைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நான் கோட்டூர்புரம் போனேன். அவள் வீட்டுக்குள் நான் நுழைவது அதுதான் முதல் தடவை. ஒரே அறை. பக்கச் சுவர் செங்கல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நடுவில் ஒரு மரக்கட்டை குறுக்காகப் போகும். குடிசை வீடுகளுக்குக் கொடுக்கிற ஒற்றை விளக்கு இணைப்பு. சுவரோரம் ஒரு பல்பு. நான் போனபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. லோகு ஒரு பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள். பாத்திரங்களைத் துலக்கி அடுக்கியிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். ஏகாம்பரம் கட்டில் மேல் ஏறி நின்று கட்டையில் கொக்கி அறைந்துகொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் போர்வை மேல் அந்தச் சரவிளக்கு, பண்டிகைக்கு வந்த பணக்காரச் சொந்தக்காரரைப்போல உட்கார்ந்திருந்தது.

கொக்கியில் மாட்டிப் பார்த்தோம். விளக்கு என் மார்பு உயரத்துக்கு வந்தது. கழற்றி, சங்கிலியைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் மாட்டினோம். கழுத்து உயரம். சங்கிலியே வேண்டாம் என்று கட்டையோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினார் ஏகாம்பரம். அப்போதும் நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடித்தது. தேவி மட்டும் குறுக்கும் நெடுக்கும் சௌகரியமாக ஓடினாள். கடைசியில் கட்டிலை இழுத்து விளக்குக்கு நேர் கீழே போட்டோம். யாரும் நடக்காவிட்டால் யாருக்கும் இடிக்காதில்லையா. ஐந்து பல்பும் போட்டால் அந்த ஒற்றை இணைப்பு தாங்காது என்று, ராத்திரி எரியவிடுகிற ஜீரோ வாட் பல்புகளாகப் போட்டோம். சுவரோரப் பல்பு வரைக்கும் புது ஒயர் இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி முடித்ததும் ஏகாம்பரம் சுவிட்சைத் தட்டினார்.

எரிந்தது. ரோஸ் கண்ணாடி வழியாக மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து, சுண்ணாம்புச் சுவரில் இதழ் இதழாக விழுந்தது. வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்கள். தேவி கட்டிலில் மல்லாந்து படுத்து அதையே பார்த்தாள். லோகு என்னிடம் மெதுவாக, "நெசமாவே நல்லாத்தான் கீது, இல்ல?" என்றாள். அத்தனை நாளாக ஊருக்கெல்லாம் சொன்னதை அவள் அப்போதுதான் தானே நம்பினாள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நான் மேலே சாலையில் போய் நின்றேன். சாரதா அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். எதிரே அடுக்குமாடி வீடுகள் பக்கமாகக் காலெடுத்து வைத்தவரை, இந்தப் பக்கம் என்று அழைத்துக்கொண்டு ஆற்றுச் சரிவில் இறங்கினேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். லோகு கல்யாணப் பட்டுப்புடவை கட்டி வாசலில் நின்றிருந்தாள்.

சாரதா அம்மாள் குனிந்து உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தார். விளக்கு அவர் தலைக்கு மிக அருகில் எரிந்துகொண்டிருந்தது. கூரையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பளபளவென்று இருந்த புது ஒயரைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

இரண்டு வருடம் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். லோகு சொன்னாள்: "இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்தும்மா."

லோகுவே தொடர்ந்தாள். "கடைல சொன்னது பொய்யிம்மா. எல்லாருக்கும் அப்டித்தான் சொல்லுவேன். நீங்க வூட்டுக்கே வருவீங்கன்னு நெனைக்கல."

சாரதா அம்மாளுக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. வயதான காலத்தில் இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டாயே என்றார். லோகு தலையைக் குனிந்துகொண்டாள். ஏகாம்பரம் கலர் சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தவர் வாங்கிக்கொண்டார். பாதி குடித்ததும் கேட்டார்: "சரி. இப்பவாவது சொல்லு. கடல் காத்துக்கு இந்த முலாம் தாங்குமா, தாங்காதா?"

"தாங்காதும்மா" என்றாள் லோகு. "கடலோரம் நொச்சிக்குப்பத்துல எங்க சித்தி வூட்டு ஜன்னல் கம்பியப் பாக்குறேனே. இரும்பே உதுந்து போவுது, இந்தப் பூச்சு எம்மாத்திரம். வாங்காதீங்க. கண்ணாடி உருண்டை கீது பாருங்க, பீங்கான் அடிக்கட்ட வெச்சது. அத்த வாங்குங்க. பாக்க சாதாரணமாத்தான் இருக்கும்."

சாரதா அம்மாள் தேவி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டு எழுந்தார். எழும்போது ஓர் இதழில் கொண்டை உரசி விளக்கு ஆடியது. அவரே கையால் பிடித்து நிறுத்தினார். நான் சாலைவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவில் ஏறும்போது, முதலாளிக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் விளக்கு குடோனுக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து சாரதா அம்மாளும் வந்தார். லோகு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் நேராக அண்ணாச்சியிடம் போய், கண்ணாடி உருண்டை விளக்குகளையே மொத்த வீட்டுக்கும் சொன்னார். போகிறபோது, நல்லெண்ணத்தில்தான், "உங்க கடைப் பொண்ணு உண்மைய சொல்லிட்டா. அந்தச் சரவிளக்கு கடல் காத்துக்கு ஆகாதாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி லோகுவைக் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குடோன்காரரை மட்டும் காப்பாற்றி, தானே எடுத்துப் போனதாகச் சொன்னாள். அண்ணாச்சி கல்லாப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பொய் சொன்னதற்குத் திட்டுவதா, அதை மறைக்க விளக்கைத் தூக்கிப் போனதற்குத் திட்டுவதா, கடைசியில் உண்மையைச் சொல்லி விலை உயர்ந்த சரக்கை விற்க விடாமல் செய்ததற்குத் திட்டுவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. முடிவில், "இனிமே வீட்டப் பத்திப் பேசாத. லைட்டப் பத்தி மட்டும் பேசு" என்றார். மாடியிலிருந்து கீழே இறக்கி டியூப்லைட், சோக் விற்கிற இடத்தில் நிற்கவைத்தார். வேலை போகவில்லை. அன்று மத்தியானம் அவள் என் புளிசாதத்தையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஏகாம்பரம் கையில் அந்தப் புது ஒயர் மிச்சமிருந்தது. அதை வாசல்வரைக்கும் இழுத்து, உள்ளே இருந்த பல்பை வாசலில் மாட்டிவிட்டார். வாசலில் எரிந்தால் உள்ளேயும் பாதி தெரியும், ஆற்றோர வழியில் வருகிறவர்களுக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு.

மாடி எனக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது. விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. புதுவீட்டுக்காரர்கள் வந்து, பார்த்து, யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கிப் போனார்கள். நான் வாட்ஸையும் விலையையும் சொல்வேன். அதைக் கேட்டு யாருக்கு ஆசை வரும்? தை மாதம் நெருங்கி, கிரகப்பிரவேசக் கூட்டம் வர ஆரம்பித்ததும் அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் லோகுவைத் திரும்பவும் மாடிக்கு அனுப்பினார்.

அன்றைக்கு முதலில் வந்த ஒரு பெண்மணி, முத்துச்சர விளக்கின் கீழ் நின்று, "உங்க வீட்ல இந்த மாதிரி மாட்டியிருக்கீங்களா?" என்று அவளாகவே கேட்டாள். நான் லோகுவைப் பார்த்தேன்.

"இல்லம்மா. எங்க வீட்ல மாட்ட எடமில்ல" என்றாள் லோகு. "இருந்தா இதத்தான் மாட்டுவேன். படிக்கட்டு திரும்புற எடத்துல."

அந்தப் பெண்மணி அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டேன். சில வருடங்கள் கழித்து ஆற்றோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, எல்லோருக்கும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அங்கிருந்து தி.நகருக்கு பஸ் மாறி மாறி வர அரை நாள் ஆகும். லோகுவின் வேலை அதோடு போயிற்று. ஒருமுறை போய்ப் பார்த்தேன். சிமென்ட் கூரை, ஹால், அடுப்படி, எல்லாம் இருந்தது. பக்கத்துக் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வூடு நல்லாத்தான் கீது. சத்தமே இல்ல. பாலத்து மேல ஓடுற வண்டி எரைச்சல் இல்லாம தூக்கம் வர்ல மயிலாப்பூரு" என்றாள். பிறகு நாங்கள் சில வருடம் கோயம்புத்தூரில் இருந்தோம். திரும்பி வந்தபோது அவள் நம்பர் வேறு யாரிடமோ இருந்தது. அந்த அடுக்குமாடிக்குத் தேடிக்கொண்டு போனால், வீட்டைப் பூட்டிவிட்டு மகள் தேவியோடு போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

விளக்குக் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது ஜவுளிக்கடை, ஏழெட்டு மாடி. அண்ணாச்சி காலமாகிவிட்டார், பிள்ளைகள் யாரும் கடைத்தெருவில் இல்லை. சாரதா அம்மாள் வீடு இருந்த தெருவில் தனி வீடு என்று ஒன்றுகூட மிச்சமில்லை. மயிலாப்பூர் போர்ஷன்களும் போய், மாமி வீட்டு இடத்தில் ஃபிளாட் வந்துவிட்டது.

நான் இப்போது குடியிருப்பது கோட்டூர்புரத்தில். ஆற்றோர வீடுகளைக் காலி செய்த அன்று நான் லோகுவுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தேன். ஏகாம்பரம் ஷீட்டைக் கழற்றி, கதவைக் கழற்றி, வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டார். வீட்டில் நான்கு சுவரைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில் இருக்கும்போது லோகு உள்ளே போய்த் தரையைப் பெருக்கத் தொடங்கினாள். மூலை மூலையாக, நிதானமாகப் பெருக்கினாள். இடிக்கப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறாய் என்று கேட்டேன்.

"வர்றவங்கோ நம்மள அசிங்கமா நெனைக்கக் கூடாதுல்ல" என்றாள்.

குப்பையை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, துடைப்பத்தை வண்டியில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி பாலத்தைத் தாண்டியதும் வீடுகளை இடிக்க வந்த மஞ்சள் மிஷின் சரிவில் இறங்கியது.

அந்த இடத்தில் இப்போது கம்பிவேலி போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நான் நடக்கப் போவது அங்கேதான். லோகுவின் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று பாலத்தை வைத்தும், பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வைத்தும் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் இங்கே என்று தோன்றும், மறுநாள் கொஞ்சம் தள்ளி என்று தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை.